அளவெட்டிக்கு ஓர் ஆட்டக்காரனைத் தேடி

வவுனியாச் சோதனைச் சாவடியில் என் பெட்டியிலிருந்து அந்தப் புகைப்படத்தை வெளியே எடுத்தபோதுதான், அதைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது எனக்கு உறைத்தது. படத்தில் ஒரு காடு. காட்டுக்குள் எட்டுப் பேர். எல்லோர் உடம்பிலும் பச்சைத் திட்டுப் போட்ட உடை. எல்லோர் முகத்திலும் முகமூடி. எல்லோர் கையிலும் துப்பாக்கி.

“யார் இவர்கள்?” என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

“என் அணி.”

“எந்த அணி?”

“விளையாட்டு அணி. இவர் பல் மருத்துவர். இவர்கள் இரண்டு பேரும் என்னைப்போலக் கணக்காளர்கள். ஓரத்தில் நிற்பவர் பூக்கடை வைத்திருக்கிறார்.”

பூக்கடைக்காரரை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு இன்னோர் அதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் பூக்கடைக்காரரையே பார்த்தார். நான் வந்த வேனில் இருந்தவர்கள் இறங்கி மர நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த இடியப்பப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. தமிழ்நாட்டில் எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் எனக்கு நாலு ஆலோசனையாவது கிடைத்திருக்கும்.

பெயின்ட்பால் என்ற விளையாட்டு இங்கிலாந்துக்கு வந்து அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கோலிக்குண்டு அளவுள்ள உருண்டை, மேலே மாத்திரை உறைபோல மெல்லிய தோல், உள்ளே சாயம். காற்றடைத்த துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் பட்ட இடத்தில் உடைந்து சாயம் ஒட்டும். ஒட்டினால் அவர் அவுட். எதிரணியின் கொடியை எடுத்து வந்தால் வெற்றி. எனக்கு முழங்கால் சரியில்லை, ஆகையால் ஆடுவதில்லை. நான் அணியை நடத்தும் குழுவின் செயலாளர்.

அந்த வருஷம் எங்கள் குழுவுக்கு ஒரு பெரிய எண்ணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சுட்டுவிட்டு பியர் குடிக்கப் போகிறவர்களிலிருந்து நாட்டுக்கென்று ஓர் அணியைத் தேற்றி எடுப்பது. இதில் இறங்கிய பிறகு ஒன்று புரிந்தது. சுடத் தெரிந்தவர்கள் ஏராளம். கத்தத் தெரிந்தவர்கள்தான் இல்லை. பின்வரிசைக்காரன் எதிரி எங்கே நிற்கிறான் என்று ஓயாமல் கத்த வேண்டும், முன்வரிசைக்காரன் அதைக் கேட்டு நகர வேண்டும். ஆங்கிலேயர்களைப் பொது இடத்தில் கத்தவைக்கவே எனக்கு ஒரு குளிர்காலம் போயிற்று.

முன்வரிசைக்கு எங்களிடம் ஒருவன் இருந்தான். பெயர் நேசன். யாழ்ப்பாணத்துப் பையன், லண்டனில் கணக்கியல் படித்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவன். அவன் நகர்வதை யாரும் பார்த்ததில்லை. வந்து சேர்ந்த பிறகுதான் பார்ப்பார்கள், அப்போது நேரம் கடந்திருக்கும். அவனிடம் ஒரே ஒரு குறை. சாயம் பட்டவர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அவன் கையை உயர்த்த மாட்டான். பட்டதும் குப்புறப் படுத்துவிடுவான். ஆட்டம் முழுதும் முடிந்து, எல்லோரும் முகமூடியைக் கழற்றிய பிறகுதான் எழுவான்.

விதிப்படி இது ஏமாற்று. அவுட் ஆனவன் கிடக்கிறானா, ஆடுகிறவன் பதுங்கியிருக்கிறானா என்று எதிரணிக்குத் தெரியாதல்லவா. இனிமேல் கையை உயர்த்துவதாக வாக்குக் கொடுத்தால்தான் இடம் என்று குழு சொல்லிவிட்டது. “வீட்டிலை ஒரு அலுவல் இருக்கு அண்ணை” என்று ஊருக்குப் போனவன் திரும்பவேயில்லை. என் இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அணித் தேர்வு நெருங்கியது. குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள். தமிழ் எல்லாம் ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புகைப்படம் நேசனின் தாயாருக்காக நானே யோசித்து எடுத்துவந்த பரிசு.

கடைசியில் அதிகாரி படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “இதற்காக அவர்கள் பணம் கட்டுகிறார்களா?” என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

மேலே வடக்கே வேறொரு காவல், இயக்கத்துடையது. அங்கே இடுப்பில் சாரம் கட்டிய இரண்டு பெடியள் நின்றார்கள். இளைஞர்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்றால் கூடுதலாக. அவர்களும் படத்தை எடுத்தார்கள். அவர்கள் கேட்டது தொழில்முறைக் கேள்விகள்.

“இது எவ்வளவு தூரம் போகும்?”

“நாலு தென்னை மரத்தைப் படுக்கப்போட்ட தூரம். காத்து அடிச்சா அதுவும் இல்லை.”

“பட்டால்?”

“பெயின்ட் ஒட்டும்.”

“பிறகு?”

“கழுவிடலாம்.”

அவன் மற்றவனைப் பார்த்தான். மற்றவன் படத்தைத் துணியால் துடைத்து என்னிடம் தந்து, “கவனமாப் போயிட்டு வாங்கோ அண்ணை” என்றான். நோயாளியிடம் பேசுகிற குரல்.

அன்று மாலை பலாலி வீதியில் திருநெல்வேலி என்ற இடத்தில் இறங்கினேன். நான் பிறந்தது தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில். பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை விடும் வீடு ஒன்றில் தங்க இடம் கேட்டேன்.

“எந்த ஊர்?” என்றார் வீட்டுக்காரர்.

“திருநெல்வேலி.”

“அது இதுதானே. நீங்கள் எங்கையிருந்து வாறியள்?”

“திருநெல்வேலியிலிருந்துதான்.”

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் மனைவியிடம், “ஆள் நல்லாக் களைச்சுப்போனார், முதல் தேத்தண்ணி குடும்” என்று சொல்வது கேட்டது. லண்டன் என்றே சொல்லியிருக்கலாம். தேநீரோடு உள்ளங்கையில் ஒரு பனங்கட்டித் துண்டு வைத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். நான் கட்டியைத் தேநீருக்குள் போட்டுக் கலக்கினேன். அவர் அதையும் களைப்பில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் நேசனின் ஊரான அளவெட்டிக்கு மினிபஸ். பாதி வழியில் அதன் கதவு கழன்று நடத்துநரின் கையோடு வந்துவிட்டது. அவர் அதை என்னிடம் தந்து, “உதை ஒருக்காப் பிடியுங்கோ” என்று சொல்லிவிட்டு டிக்கெட் போடப் போனார். திரும்ப வாங்கவேயில்லை. மடியில் புகைப்படம், அதன் மேல் கதவு. பக்கத்தில் வெங்காயக் கட்டோடு இருந்த அம்மா கட்டைக் கொஞ்சம் நகர்த்தி, கதவின் ஒரு முனைக்கு இடம் தந்தார். இருபுறமும் சிவந்த மண், துலாக் கிணறு, புகையிலைத் தோட்டம். ஊரில் இறங்கும்போது கதவை அந்த அம்மாவிடமே ஒப்படைத்தேன்.

அளவெட்டியில் ஒரு வீட்டுக்குள் யாரோ நாகசுரத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். நான் வழி கேட்ட மனிதர், “கொஞ்சம் பொறுங்கோ” என்று கையைக் காட்டி, அந்த இடம் சரியாக வந்து சேரும்வரை நின்று கேட்டார். வந்தது. பிறகு வழி சொன்னார்.

நேசன் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டியை நிறுத்தி என்னைப் பார்த்தான். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. “சாப்பிட்டியளோ அண்ணை?” என்று கேட்டான்.

அவன் தாயார் மெலிந்து உயரமானவர். என்னை உட்காரவைத்து, “நீங்கள் இந்தியாவோ?” என்றார்.

“பிறந்தது அங்கே. இருக்கிறது லண்டன்ல அம்மா.”

தேநீர்க் கோப்பை அவர் கையில் ஒரு கணம் நின்றது. இந்தியப் படை கப்பலேறிப் போய் அப்போது அதிக நாள் ஆகவில்லை. பிறகு கோப்பையை என் பக்கம் வைத்தார். “குடியுங்கோ, ஆறப்போகுது.”

நான் படத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“இதிலை எங்கடை ஆள் ஆர்?”

முகமூடிகளை நானும் குனிந்து பார்த்தேன். “இடப்பக்கம் மூணாவதுன்னு நினைக்கிறேன்.”

“பந்து விளையாட்டு எண்டுதான் எனக்கு எழுதினவன்.”

“பந்துதாம்மா. பெயின்ட் பால்.”

“பாலோ?”

“பந்துதான். சின்னப் பந்து.”

அவர் படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மதியம் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார்கள். எங்கள் ஊரில் புட்டுக்குச் சர்க்கரை போடுவோம் என்று சொன்னேன். தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் நேசன் என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கீரிமலைக்குக் கொண்டுபோனான். வழியில் இரண்டு தடவை சங்கிலி கழன்றது. அங்கே கடலை ஒட்டி ஒரு கேணி. மதிலுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊறுகிறது. கோயிலுக்கு வந்தவர்கள் முழுகிக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்தில் தலையில் விழும் தண்ணீரைக் கண்ட எனக்கு, காலுக்கடியிலிருந்து ஏறி வரும் தண்ணீர் புதிது. கழுத்தளவு நின்று வந்த வேலையைத் தொடங்கினேன்.

“தேர்வுக்கு வரலையா நேசா?”

“இப்ப இங்கை இருக்கலாம் அண்ணை. சண்டை இல்லை. வெங்காயம் நட்டிருக்கு.”

“சரி. ஆனா கையைத் தூக்கறதுல உனக்கு என்ன கஷ்டம்? அதைச் சொல்லு. நான் குழுகிட்ட என்ன சொல்றது?”

அவன் மூச்சை இழுத்துத் தண்ணீருக்குள் போனான். எழவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவரும் பார்த்தார். கேணியின் அடுத்த மூலைப் படிக்கட்டில் அவன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். எப்படிப் போனான் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் நாங்கள் வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தோம். கதை என்றால் அங்கே பேச்சு. அதற்குள் அந்தச் சொல் எனக்கு ஒட்டியிருந்தது.

அதற்கு அடுத்த நாள் பின்னேரம் ஊர் மைதானத்தில் கிளித்தட்டு. குறுக்காகக் கோடுகள் போட்டு ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் மறித்து நிற்பார். எதிரணி தொடுபடாமல் ஒவ்வொரு கோடாகக் கடந்து போய்த் திரும்பி வர வேண்டும். நெடுக்கே போகும் நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடி ஓடித் தொடுகிறவர் பெயர் கிளி. அன்றைய கிளி தொந்தி வைத்த தபால்காரர். ஆனால் நன்றாகவே பறந்தார். ஆடினவர்கள் எல்லோரும் வேலை முடிந்து வந்த பெரிய ஆண்கள்.

நேசன் ஆடுவதைப் பார்த்தேன். உடம்பு இடப்பக்கம் போகும், ஆள் வலப்பக்கம் கடந்திருப்பான். எங்கள் பயிற்சியாளர் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கப் பாடுபடும் அதே நகர்வு. அதோடு எல்லோரும் ஓயாமல் கத்தினார்கள். எவன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு குளிர்காலம் முழுக்க நான் கெஞ்சிக் கேட்டது இங்கே யாரும் கேளாமல் நடந்துகொண்டிருந்தது.

கடைசிக் கோட்டை நேசன் கடந்து வெளியே வந்தான். அவன் பக்கத்தவர்கள் கூவினார்கள். அவன் நின்று, “இல்லை, முதுகிலை தொட்டிட்டார்” என்றான்.

தபால்காரர், “நான் தொடேல்லையே” என்றார்.

“சேட்டிலை பட்டது” என்று நேசன் சட்டையைத் தொட்டுக் காட்டினான்.

“எனக்குத் தெரியேல்லை.”

“எனக்குத் தெரிஞ்சது” என்று சொல்லிவிட்டு, நேராக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். யாருக்கும் தெரியாத தொடுகை. அவன் சொல்லியிராவிட்டால் ஆட்டம் அவன் பக்கத்துக்கு. இவனையா நாங்கள் ஏமாற்றுக்காரன் என்று குழுவில் உட்கார்ந்து பேசினோம் என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் காட்டுக்குள் ஏன் படுத்துக் கிடக்கிறான்?

நேசன் பால் வாங்கக் கடைக்குப் போனான். நான் வீட்டுக்கு வந்தேன். தாயார் சமையலறை வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, உந்த விளையாட்டிலை அடிபட்டவன் என்ன செய்ய வேணும்?”

“கையைத் தூக்கிட்டு வெளியே போய் உட்காரணும் அம்மா.”

“கையைத் தூக்கினவனுக்குச் சுட மாட்டினமோ?”

“சுடக்கூடாது. சுட்டா அவங்களையும் வெளியே அனுப்பிடுவாங்க.”

“எல்லாரும் உதுக்குக் கட்டுப்படுவினமோ?”

“நடுவர் இருக்காரே.”

“நடுவர் இருக்கிறாரோ” என்றார். துருவிய பாதித் தேங்காயை வைத்துவிட்டு மற்றப் பாதியை எடுத்தார். “மூத்தவன் கையைத் தூக்கிக்கொண்டுதான் போனவன். ரண்டு கையும். சுத்திவளைச்சு நிண்டவை. வரச்சொல்லிக் கூப்பிட்டவை. இவன் பின்னாலை பனங்கூடலுக்கை கிடந்து பாத்தவன். பொழுதுபடும் மட்டும் எழும்பேல்லை. நான் போய்த்தான் எழுப்பினனான்.”

உள்ளறைச் சுவரில் மாலை போட்ட இளைஞனின் படம் ஒன்று இருந்தது. முதல் நாளே பார்த்திருந்தேன். நேசனின் சாயல்.

“அவன்ரை ஆண்டுத் திவசத்துக்குத்தான் இவன் வந்தது.”

சுற்றி வளைத்தவர்கள் என்ன சீருடையில் இருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஊருக்குள் அதற்குள் பல சீருடைகள் வந்து போயிருந்தன. நான் கேட்கவில்லை. நான் பிறந்த நாட்டின் பெயரைச் சொன்ன பிறகு அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான்.

“உங்கடை ஆக்களுக்கு இதைச் சொல்லுவியளோ?”

“நீங்க சொல்லச் சொன்னா சொல்றேன்.”

அவர் யோசித்தார். “வேண்டாம். விளையாடுற ஆக்கள். பாவம்.”

அன்று இரவுச் சாப்பாட்டில் கையைப் பற்றி நேசனிடம் நான் எதுவும் பேசவில்லை. நாளைக்குக் கிளம்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். சரி என்றான். தாயார்தான், “பஸ் கதவைப் பிடிச்சுக்கொண்டு வந்த ஆள். தனியப் போகமாட்டார். கொழும்பு மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு வா” என்றார். கதவு விஷயம் ஊருக்குள் எப்படியோ பரவியிருந்தது.

காலையில் நேசன் ஒரு பையோடு வந்தான். கொழும்புக்குப் போய்த் திரும்புகிறவனின் பைக்கு அது பெரிதாக இருந்தது. நான் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தேன். தாயார் எனக்கு ஒரு பொட்டலம் நிறைய ஒடியல் தந்தார். காய்ந்த பனங்கிழங்கு. அதைக் கடித்துத் தின்பதா, இடித்துக் கூழ் காய்ச்சுவதா என்று கேட்க நேரமில்லை. கடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது பெயர்ந்தது. லண்டன் போனதும் எங்கள் அணியின் பல் மருத்துவருக்கு வேலை.

தெற்கே வரும் வழியில் வவுனியாவில் எல்லோரையும் இறக்கினார்கள். இந்த முறை பெட்டியைவிட ஆளைத்தான் பார்த்தார்கள். வரிசை. ஒவ்வொருவரும் முன்னால் போய்க் கையை உயர்த்தி நிற்க, ஓர் இளம் சிப்பாய் இரு விலாவையும் தடவிப் பார்த்துப் போகச் சொன்னான். எனக்கு முன்னால் நேசன். அவன் முறை வந்ததும்தான் எனக்கு அவன் கை ஞாபகம் வந்தது.

சிப்பாய் சிங்களத்தில் சொன்னான். கையால் சைகையும் காட்டினான். நேசன் நின்றான். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. முகத்தில் திமிர் இல்லை, பயமும் இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். சிப்பாய் மறுபடி சொன்னான், கொஞ்சம் சத்தமாக. அப்பால் மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னொருவன் எழுந்து பார்த்தான்.

நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். சிப்பாய்க்குப் புரியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் சிங்களம் தெரிந்தவர்.

“ஏன் தூக்கிறானில்லை எண்டு கேக்கிறான்” என்று மெல்லச் சொன்னார்.

“ஏலாது” என்றேன். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இப்படி வந்தது.

பெரியவர் மொழிபெயர்த்தார். சிப்பாய் நேசனின் தோளைப் பார்த்தான், முழங்கையைப் பார்த்தான். சிப்பாய்க்கு வியர்த்திருந்தது. வரிசை நீளம். துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த கைகளின் உட்புறம் தன் கையை விட்டு, இரண்டு விலாவையும் தடவினான். சட்டைப் பையில் சீப்பு ஒன்று இருந்தது. அதைத் திருப்பி வைத்தான். தலையை அசைத்துப் போகச் சொன்னான். அடுத்தது நான். நான் இரண்டு கையையும் முழு உயரத்துக்குத் தூக்கினேன்.

மதவாச்சிக்கு அப்பால் ஒரு கடையில் பாணும் சம்பலும் வாங்கினோம். பாதிப் பாணைத் தின்ற பிறகு நேசன், “அண்ணை, தேர்வுக்கு என்ரை பேரைக் குடுங்கோ” என்றான்.

“கை?”

“கை ஏலாது. படுக்க மாட்டன். எழும்பி நடந்து வருவன். அது காணுமோ?”

“காணும்” என்றேன். குழுவுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது.

குழுவில் நான் பனங்கூடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாயார் சொன்னபடியே. பட்டவர் எழுந்து வெளியேறினால் போதும், கை அவரவர் விருப்பம் என்று விதியை மாற்றக் கேட்டேன். பூக்கடைக்காரர், தேநீர்க் கோப்பையோடு நடக்க அதுவே வசதி என்று ஆதரித்தார். மாற்றினார்கள். அதற்குச் சில வாரங்களுக்குள் வடக்கே சண்டை மறுபடி தொடங்கிச் சாலையை மூடிவிட்டார்கள். தாயாரிடமிருந்து நேசனுக்கு நெடுநாள் கடிதம் இல்லை. அவன் ஒவ்வொரு நாளும் பெட்ரோல் நிலையத்துக்குப் போனான், ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்தான். பின்வரிசைக்காரர்களுக்குக் கிளித்தட்டு சொல்லிக்கொடுத்தான். அவர்கள் கத்தத் தொடங்கினார்கள்.

தேர்வுப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் அவனுக்குச் சாயம் பட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. புதருக்குப் பின்னால் அவன் கீழே போனதைப் பார்த்தேன். நடுவரும் பார்த்தார். மற்றவர்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் அங்கே எதுவும் அசையவில்லை. பிறகு புதர் விலகியது. அவன் எழுந்து, கையைத் தொங்கவிட்டபடி, குனியாமல், அவ்வளவு பேருக்கும் தெரிய மைதானத்தின் நடுவே நடந்து வந்தான். ஒருவரும் அவன் பக்கம் சுடவில்லை.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினான். நெஞ்சில் மஞ்சள் சாயம் வழிந்தது.

“ஆர் சுட்டதெண்டே தெரியேல்லை அண்ணை. எழும்பின பிறகு ஒருத்தரும் சுடேல்லை” என்றான். குரலில் சந்தோஷம் இருந்தது.